பேசியவர்கள்

கரும்பலகையின் வலது ஓரத்தில் நெடுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, அதன் கீழே பெயர்கள். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் அடங்காதவன் பெயருக்குக் கீழே அடிக்கோடு. ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்புத் தலைவன் நடத்தும் தர்பார் இது. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பெயரை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவனாக வந்து கையை நீட்டுவான். ஒரு பெயருக்கு ஓர் அடி, ஒரு பெருக்கல் குறிக்கு இன்னோர் அடி. கணக்கு வாத்தியார் என்பதால் கூட்டலில் தவறியதே இல்லை. என்ன பேசினாய் என்று மட்டும் ஒருவனையும் கேட்டதில்லை. தலைவனுக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தருகிறவன் பெயர் அந்தப் பலகையில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடித்தேன்.

1994-ல், காவிரிக் கரையில் பள்ளிபாளையம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். அப்போது அது சேலம் மாவட்டம். 1997-ல்தான் நாமக்கல் தனி மாவட்டமானது. அக்கரையில் ஈரோடு. இக்கரையில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம் ஓடும். தறி ஓட்டுகிறவர்கள் பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்கு எங்கள் பக்கம் 'பாக்கி' என்று பெயர். பாக்கி தீராமல் பட்டறையை விட்டுப் போக முடியாது. போவதென்றால் அடுத்த பட்டறைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது அவருக்கான பாக்கி. என் வகுப்பில் பாதிப் பேர் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். ஆனால் பாக்கியும் ஷிப்டும் பாடத்திட்டத்தில் இல்லாததால் நான் அவற்றைப் பற்றி யோசித்ததில்லை.

அடிப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தண்டனையாகக் கோதண்டக் கயிற்றில் தொங்கியதை என் தாத்தா ஏதோ பதக்கம் வாங்கியதுபோலச் சொல்வார். என்னைப் பள்ளியில் விட வந்த அப்பா, "கண்ணு ரெண்டை மட்டும் உட்டுப்போட்டு மிச்சத்தை உரிச்சுருங்க சார்" என்றார். நான் வாத்தியாரானதும் என்னிடமும் பெற்றோர் அதையே சொன்னார்கள். அடியாத மாடு படியாது என்பதுதான் ஆசிரியர் ஓய்வறையின் வேதம். வேப்பங்குச்சி, மூங்கில் பிரம்பு, மர ஸ்கேல் என்று ஆளுக்கொரு ஆயுதம் வைத்திருந்தோம். அது போதாதென்றால் முட்டி போடுவது, வெயிலில் நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிரம்மாஸ்திரம்: "டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன்."

முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு. பலகையில் அவன் பெயர் இல்லாத நாள் கிடையாது, பெருக்கல் குறிகளோடு. ரகசியம் பேசத் தெரியாத பையன். பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்டால் அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்கும். 2001 ஜனவரி, பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். பலகையில் தேற்றம் எழுதிக்கொண்டே திரும்பாமல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை திரும்பி நின்று கத்தினேன். "என்னங்க சார்!" என்று அவனும் அதே சத்தத்தில் கத்தினான். வகுப்பே சிரித்தது. எனக்கு மண்டைக்குள் என்னவோ ஏறிவிட்டது. "எங்கிட்டயே சத்தமாப் பேசறயாடா?" என்று ஆரம்பித்தவன், பிரம்பு பிளந்த பிறகுதான் நிறுத்தினேன். கெண்டைக்காலில் வரிவரியாகத் தடித்துவிட்டது. அவன் அழவில்லை. அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2001 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆசிரியர்களெல்லாம் பெரிய படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தோம். எனக்கு ஒதுக்கிய தெருக்களில் முருகேசன் தெருவும் ஒன்று. முன்பக்கம் நான்கு தறி, பின்பக்கம் குடித்தனம் என்று அமைந்த கட்டடங்கள். தறிகள் ஒன்றாக ஓடும்போது நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அடியில் சுவர் அதிரும். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு வீடு தாண்டுவதற்குள் நானும் அடிவயிற்றிலிருந்து கத்தப் பழகிவிட்டேன். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். புருஷன் பெண்டாட்டியிடம், தாய் கைக்குழந்தையிடம், எல்லோரும்.

முருகேசன் வீட்டுக்குள் போனபோது அவன் தார் மிஷின் முன்னால் உட்கார்ந்து நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டான். ஒரு பாட்டியிடம் வயதைக் கேட்டேன், அவர் என் வாயையே பார்த்தார். "இன்னும் சத்தமாக் கேளுங்க சார், ஆயாவுக்குக் காது கேக்காதுங்க! எங்கப்பாவுக்கும் ஒரு பக்கம் கேக்காதுங்க!" என்றான். குரலில் எந்தக் குத்தலும் இல்லை, உதவி செய்கிற குரல். அவன் காதும் எப்படி இருந்ததோ, அன்றைக்கு யாரும் பரிசோதிக்கவில்லை. படிவத்தில் அந்தப் பாட்டியின் வயதை எழுபது என்று போட்டேன். கால்சட்டைக்குக் கீழே கெண்டைக்காலைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன், அவ்வளவுதான். முருகேசன் பத்தாவது பாதியில் தறிக்குப் போய்விட்டான்.

தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆவது விதியை 2003-ல் அரசு திருத்தியது. திருத்துகிறேன் என்று மாணவனின் உடலுக்கோ மனதுக்கோ வலி உண்டாக்கக் கூடாது என்பது அதன் சாரம். சுற்றறிக்கையைத் தலைமையாசிரியர் வாசித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் பிரம்பை நானே அலமாரிக்கு மேலே போட்டேன், அது பெரிய தியாகம் என்ற நினைப்போடு. ஓய்வறையில் ஒரே பேச்சு: "நம்ம கையைக் கட்டிப்போட்டாங்க. இனி எவன் பயப்படுவான்?" பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு வகுப்பில் எழுபது பேர். ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் எங்களை எழுப்பி நிற்க வைத்து நாலு பேர் முன்னால் கேட்பார்கள். பிரம்பை வாங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சுற்றறிக்கையில் உடல் என்ற சொல்லை எல்லோரும் படித்தோம். மனம் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டோம். கை சும்மா இருந்ததும் வாய்க்கு வேலை வந்தது. எனக்குக் கேலியாகப் பேச வரும். சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துகிற சார் என்று பெயர் வேறு. பரீட்சைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது முட்டை வாங்கியவனிடம், "சத்துணவுல ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு" என்பேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அவனும் சிரிப்பான். அவன் சிரித்ததால் அவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

2008-ல் ஒரு பெண். எட்டாம் வகுப்பு. வாரத்தில் நான்கு நாள் முதல் மணி முடியும் தறுவாயில்தான் வருவாள். வாசலில் நின்று "உள்ளே வரலாமுங்களா சார்" என்று கேட்கும் குரல்கூட எழும்பாது. ஒருநாள் நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "மகாராணி வந்தாச்சு. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க." பிள்ளைகள் குஷியாக எழுந்து நின்றார்கள். அவள் அந்த எழுபது பேருக்கு நடுவே நடந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் பையை மடியிலேயே வைத்திருந்தாள். அதை இப்போதும் பார்க்கிறேன்.

ஒரு வாரம் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'வ.இ.' போட்டுப் போட்டுக் கை உறுத்தியதால் வீட்டைத் தேடிப் போனேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு ராத்திரி ஷிப்டு. காலை எட்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, அடுத்த ஆள் வந்து தறியைப் பிடித்து, நடந்து வீடு வந்து சேர ஒன்பது ஆகும். அதுவரை இரண்டு வயதுத் தம்பியை யார் பார்ப்பது? அம்மா வாசலில் கால் வைத்ததும் இவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாளாம். ஓடி வந்த பிள்ளையைத்தான் மகாராணி என்றிருக்கிறேன். "எங்கம்மா அவ?" என்றேன். "மில்லுக்குப் போயிட்டாளுங்க சார். வண்டி வந்துச்சு, நாலு புள்ளைகளோட சேத்து அனுப்பியுட்டேன். பள்ளிக்கோடத்துக்குப் போகமாட்டேன்னு ஒரே முட்டா நின்னுட்டாளுங்க." கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்று வயதுப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கும் நூற்பாலைகள் அப்போது எங்கள் வட்டாரமெங்கும் வேன் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: சுமங்கலி. பதின்மூன்று வயதுப் பிள்ளையை வயது கூட்டிச் சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். நான் மறுபடியும் இரண்டு முறை போனேன். அவள் திரும்பவில்லை. ஒரு கேலியால் மட்டும் ஒரு பெண் படிப்பை விடுவதில்லை என்று சக ஆசிரியர்கள் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். அந்தப் பக்கம் இழுத்த கயிறுகள் பல. இந்தப் பக்கம் பிடித்திருந்த ஒன்றை அறுத்தது நான்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு தமிழாசிரியை இருந்தார். அவர் வகுப்பில் சத்தமே இருக்காது, அவரும் சத்தம் போடமாட்டார். என்ன மந்திரம் என்று வெகுநாள் கவனித்தேன். மந்திரமெல்லாம் இல்லை. தப்புச் செய்த பிள்ளையை வகுப்பில் ஒன்றுமே சொல்லமாட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வரச் சொல்வார். பிள்ளையையும் உட்கார வைப்பார், தானும் உட்காருவார். "ஏன் பண்ணுனே?" என்று தொடங்கவே மாட்டார். "என்ன சாமி ஆச்சு?" என்பார். ஏன் என்று கேட்டால் பிள்ளை பொய்யைத் தேடுகிறது, என்ன ஆச்சு என்றால் கதை சொல்லத் தொடங்குகிறது. இதை அவர் எனக்கு விளக்கியதில்லை, நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிட வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "பசியோட இருக்கறவங்கிட்டப் போயி நாயம் பேச முடியுமுங்களா சார்?" என்றார். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதுவும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடுதான் அல்ஜீப்ரா படித்தார்கள்.

நானும் மரத்தடிக்குப் போகத் தொடங்கினேன். முதலில் படு செயற்கையாக இருந்தது. ஒரு பையன், "சார், அடிச்சு உட்ருங்க, நான் போறேன்" என்று கெஞ்சினான். அடி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், இது முடியாது. எனக்கும் அதுதான் கஷ்டம். ஒரு சச்சரவை விசாரித்து, இரண்டு பக்கமும் கேட்டு, யார் எதைச் சரிசெய்வது என்று பேசி முடிக்க மூன்று நாள் மதிய இடைவேளை போகும். அத்தனை பேருக்கும் செய்ய முடியாது, செய்ததாகச் சொன்னால் பொய். பாதி நாள் பழைய வாய்தான் முந்திக்கொண்டது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வட்டார வள மையத்தில் பயிற்சி. டீயும் சுண்டலும் முடிந்ததும் கருத்தாளர் 17-ஆவது பிரிவை வாசித்தார்: எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது, மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை. 16-ஆவது பிரிவின்படி தொடக்கக் கல்வி, அதாவது எட்டாவது, முடியும்வரை யாரையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இனிமே நாமதான் பெஞ்சு மேல ஏறி நிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்: 2008-ல் இந்தச் சட்டம் இருந்து, அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அது தெரிந்தும் இருந்தால், என் மேல் நடவடிக்கை எடுத்திருக்கலாம்.

அன்று மாலை பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர்களின் பெயரையும் தேதியையும் குறித்து வைக்கும் வழக்கம் எனக்கு உண்டு, கணக்கு வாத்தியாரின் வியாதி. பெயர்களுக்கு எதிரே அவரவர் தெருவைப் பென்சிலால் எழுதினேன். முக்கால்வாசிப் பேர் மூன்று தெருக்காரர்கள். தறித் தெருக்கள். அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் பிள்ளைகளும் என் வகுப்பில் பேசாமலா இருந்தார்கள்? பேசினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் கேள்வி கேட்க வருவார்கள் என்பது என் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் முதல் கரும்பலகையில் 'பேசியவர்கள்' எழுதக் கூடாது என்றேன். வகுப்புத் தலைவனுக்குப் பதவியே பறிபோன வருத்தம்.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள், நடுவில் சில வாரம் நடந்ததைத் தவிர, 2021 செப்டம்பரிலும், கீழ் வகுப்புகள் நவம்பரிலும் திறந்தன. ஏழாவதில் வீட்டுக்குப் போன பிள்ளை ஒன்பதாவதில் வந்து உட்கார்ந்தது, மீசையோடு. நடுவில் இருந்த காலத்தில் தறி ஓட்டியிருந்தார்கள், சாயப்பட்டறைக்குப் போயிருந்தார்கள், சம்பளம் வாங்கியிருந்தார்கள். அவர்களை நாற்பத்தைந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார வைப்பதே பெரும்பாடு. 2022-ன் முதல் பாதியில் மாணவர்கள் மேசை நாற்காலியை உடைப்பதும் ஆசிரியரை அடிக்கப் பாய்வதுமான காணொளிகள் ஊரெல்லாம் சுற்றின. ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார், காரணம் மாற்றுச் சான்றிதழிலேயே குறிப்பிடப்படும் என்று கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அந்த மே மாதம் அறிவித்தார். ஓய்வறையில் கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை. டி.சி.யில் 'ஒழுக்கமும் பண்பும்' என்றொரு வரி உண்டு. யாராக இருந்தாலும் அதற்கு எதிரே 'நன்று' என்று எழுதுவது வழக்கம். பதினான்கு வயதில் அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதிவிட்டால், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எந்தப் பள்ளி அவனைச் சேர்க்கும்?

ஜூலையில் எங்கள் பள்ளியிலேயே நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் இரும்பு பெஞ்சு ஒன்றைக் காலோடு பெயர்த்துவிட்டார்கள். மூன்று பெயர் சொன்னார்கள். டி.சி. கொடுத்துவிடலாம் என்று பேச்சு. ஒன்பதாவது என்பதால் 16-ஆவது பிரிவும் குறுக்கே வராது. தலைமையாசிரியையிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். ஒவ்வொருவனையும் தனித்தனியாக மரத்தடியில் உட்கார வைத்தேன். மூன்று பேரும் நான்காவதாக ஒரு பெயரைச் சொன்னார்கள். அவனுடைய சித்தப்பா ஊரில் முக்கியப்பட்டவர் என்பதால் அந்தப் பெயர் எங்கள் காதுவரை வராமல் நின்றிருக்கிறது. செய்தால் நால்வருக்கும் ஒன்றுபோல, இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்றேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து முடிவெடுப்போம் என்றார் தலைமையாசிரியை. அந்த ஆண்டுதான் குழுக்களை மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்திருந்தார்கள். இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர்.

கூட்டத்தில் நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரிந்திருக்கும். "சார்! இவனுகளுக்கு வெசாரணையெல்லாம் எதுக்குங்க சார்! நாலு சாத்து சாத்துங்க, தன்னால அடங்குவானுங்க! நீங்க அடிச்சதுனாலதான் இன்னைக்கு நானெல்லாம் ஒரு மனுசனா இருக்கறேன்!" முருகேசன். முன்தலை ஏறிவிட்டது. மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். இன்னமும் தறிதான், இன்னமும் பாக்கிதான்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "முருகேசா, உன்னை எதுக்கு அடிச்சேன்னு ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "அது ஞாபகமில்லீங்க சார். அடிச்சது ஞாபகம் இருக்குது."

"கூப்புட்டது உனக்குக் கேக்கலை. அதுக்குத்தான் அடிச்சேன். தப்பு என்னோடது." இருபத்தோரு வருஷம் கழித்து, அத்தனை பேர் முன்னால், அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகத்தான் சொன்னேன். "அட, உடுங்க சார், அதெல்லாமொரு பேச்சா!" என்று சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை பேசவில்லை.

தீர்மானம் எழுதினோம். நான்கு பையன்களும் சனிக்கிழமை பெஞ்சைப் பட்டறைக்குத் தூக்கிப் போய் வெல்டிங் வைத்துக் கொண்டுவருவது, கூலியை நான்கு வீட்டாரும் பங்கிட்டுக்கொள்வது, டி.சி. இல்லை. சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார், முகம் சுளித்தபடி. முருகேசன் பெருவிரலை மையில் அமுக்கப் போனவன், பிறகு பேனா வாங்கி முழுப்பெயரையும் எழுதினான்.

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். சித்தப்பா வீட்டுப் பையனும் அதில் ஒருவன். நான்காமவன் வரவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி, போர்வெல் போடும் வேலைக்கு வடக்கே போய்விட்டானாம். வீட்டுக்கு மூன்று முறை போனேன். வண்டி ஊர் திரும்ப ஆறு மாதம் ஆகும் என்றார் அவன் அம்மா. 2023 மே 31-ஆம் தேதி நான் ஓய்வு பெற்றேன். அதுவரை அவனுடைய டி.சி.யைக் கேட்டு யாரும் வரவில்லை.